சேற்றிற் சிக்கிய வண்டியை மீட்கும் சாமான்கள்: வண்டியில் அவற்றைப் பொருத்தும் முறை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை ஏரிப்பாசன நிலங்களுக்கு உயிர் போன்றது. அம்பத்தூர் இன்று பெரும்பாலும் நகரமாகிவிட்டது; ஆயினும் ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் மேற்கே நஞ்சை நிலங்கள் இன்னும் சாகுபடியில் இருக்கின்றன. மழைக்காலத்தில் அங்கே ஏரிக்கரைப் பாதைகள் குழைந்து, உரமும் நாற்றும் ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் அச்சு வரையிற் புதைந்துவிடுவது உண்டு. வண்டி புதைவதனால் உண்டாகும் நஷ்டம் சொற்பமே. அதைப் பதற்றத்தோடு இழுக்கும்போது நேரும் அபாயமே பெரிது. ஆகவே மீட்புச் சாமான்கள் எவை, அவற்றை வண்டியில் எங்கே எவ்வாறு அமைக்க வேண்டும் என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

இவ்விஷயத்திற்கு நல்லதோர் உதாரணம் ஆவடியிலேயே இருக்கிறது. அங்கே 1961-ஆம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965-இல் வெளிவந்தது. பிற்காலத்தில் ருஷிய அமைப்பைக் கொண்ட டி-72, டி-90 டாங்கிகளும் அங்கே செய்யப்பட்டன. இவ்விரு வகைகளிலும் பின்புறத்தில் குறுக்காக ஒரு மரத்தடி கட்டப்பட்டிருக்கும். இழுப்பதற்குரிய எஃகு வடங்களும் வெளிப்புறத்திலேயே பிடிப்புகளில் மாட்டப்பட்டிருக்கும். டாங்கி சேற்றில் அமிழ்ந்தால், அம்மரத்தடியை இரு சங்கிலிப் பட்டைகளின் மீதும் குறுக்காகக் கட்டி ஓட்டுவார்கள். பட்டைகள் தடியை அடியில் இழுத்துக்கொள்ள, வண்டி அதன்மேல் ஏறி வெளிவரும்.

இதிலிருந்து நாம் கற்கத்தக்கவை மூன்று. சாமான்கள் சுமைக்கடியில் ஒளிந்திராமல் உடனே கைக்கு எட்டுமிடத்தில் இருக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம் வேண்டும். ஓட்டத்தில் எதுவும் அசையாதபடி இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. டாங்கிக்குப் பொருந்தும் மரத்தடி உபாயத்தை டிராக்டருக்குச் செய்யலாகாது. பின்சக்கரங்களில் கட்டையைக் கட்டி முன்னோக்கி ஓட்டினால், சக்கரம் சுழல இயலாதபோது என்ஜினின் வேகம் டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்புறம் எழும்பி வண்டி பின்னே கவிழ்வதற்கு ஓரிரு நொடிகள் போதும்; ஓட்டுபவர் குதித்துத் தப்ப நேரமிராது. சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டியெடுத்துப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தலே தக்கது.

இனி இழுவைக்கு வேண்டிய பலத்தைக் கவனிப்போம். ராணுவத்தினர் கையாளும் கணக்கு யாதெனில், சக்கரத்தளவு புதைந்த வண்டியை அசைக்கச் சுமையோடு கூடிய அதன் எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு வரையில் புதைந்தால் இரு மடங்கு வேண்டும். சுமையோடு 2 டன் எடையுள்ள வண்டிக்கு இது முறையே 2 டன், 4 டன் ஆகும். மூட்டைகளை இறக்குவதும் மண்ணை வெட்டுவதும் இப்பாரத்தைக் குறைக்கின்றன. ஆகையால் மண்வெட்டியே முதற்கருவி, கயிறு இரண்டாவதே.

தேவையான சாமான்கள் வருமாறு: மண்வெட்டியும் கடப்பாரையும், சக்கரத்திற்கு அடியிலிட இரண்டு தடித்த பலகைகள், ஜாக்கியும், அது களிமண்ணில் அமிழாதிருக்க அதற்கடியில் வைக்கும் அகன்ற கட்டையும், தாங்கும் பாரம் பொறிக்கப்பெற்ற இழுவைக் கயிறு ஒன்று, ஷாக்கிள் இரண்டு, மரத்தில் கட்டினால் பட்டை உரியாதபடி அகன்ற நாடா ஒன்று, தடித்த கையுறை, சில கோணிச் சாக்குகள்.

இவற்றைப் பொருத்தும் முறை:

1. கனமான ஜாக்கியையும் ஷாக்கிள்களையும் தாழ்வான இடத்தில் வைக்கவேண்டும். ஜீப்பானால் ஆசனத்திற்குப் பின்னே, தரையோடு போல்ட்டினால் இறுக்குதல் நலம். தகட்டின் அடிப்புறத்தில் அகன்ற வாஷர் இடாவிடில், போல்ட்டு தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். கூரைமேல் பாரம் ஏற்றினால் சரிவான கரைகளில் வண்டி எளிதிற் கவிழும்.

2. மண்வெட்டியையும் பலகைகளையும் டிரெய்லரின் முன்பலகைக்கு வெளியே, சேறு எட்டாத உயரத்தில் மாட்டலாம். எந்த முனையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருத்தல் கூடாது.

3. எக்கருவியையும் கட்டாமல் ஓட்டுபவர் அருகில் போடலாகாது. திடீரென்று பிரேக் போட்டால் அது எறியப்பட்ட கல்லாகும்.

4. கயிற்றைத் தனிப்பையில் வைத்து வெயில் படாமல் காக்கவேண்டும். பாட்டரி அமிலம் பட்ட நைலான் கயிறு உள்ளுக்குள் நைந்துவிடும். ஆதலால் பாட்டரி அருகே வைத்தல் தகாது.

இழுக்கும்போது கயிற்றைச் சேசிஸில் அமைந்த கொக்கியில் மாட்டவேண்டுமே யன்றி, பம்பரிலோ ஸ்டீரிங் தண்டிலோ அன்று. இழுப்பது டிராக்டரானால், தாழ்வான இழுவைக் கம்பியிலன்றி அதற்கு மேலே எங்கும் கட்டக்கூடாது. மேலே கட்டினால் முற்கூறிய வண்ணமே பின்னே கவிழும். அறுந்த கயிறு சாட்டைபோல் திரும்பி அடிக்கும். அதன் நடுவே ஈரச்சாக்குகளைப் போட்டுவைத்தால் அவ்வேகம் குறையும். மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்திற்கு அப்பால் நிற்கவேண்டும். கூட்டம் கூடி வேடிக்கை பார்ப்பதை ஓட்டுபவர் கண்டிப்பாய்த் தடுக்கவேண்டும்.

வேலை முடிந்ததும் கயிற்றைக் கழுவி நிழலில் உலர்த்துக. இழை அறுந்த கயிற்றை முடிச்சிட்டு மீண்டும் உபயோகித்தல் கூடாது. முடிச்சு கயிற்றின் பலத்தைப் பெரிதும் குறைக்கும். ஷாக்கிளின் திருகாணி வளைந்திருந்தால் அதைத் தள்ளிவிடுக.

ஒவ்வொரு விவசாயியும் இச்சாமான்கள் யாவற்றையும் வாங்குதல் அரிது. 1904-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தின் முதல் விவசாய நாணய சங்கம் ஏற்பட்டது இப்பக்கத்துத் திரூரிலேயாகும். ஒருவரால் ஆகாததைப் பலர் சேர்ந்து செய்யலாம் என்பதே அதன் கருத்து. சங்கம் இரண்டு தொகுதிகளை வாங்கி, ஒன்றை வாடகை டிராக்டரில் நிரந்தரமாய்ப் பொருத்தி, மற்றொன்றைக் கிடங்கில் வைக்கலாம். எடுத்தவர் பெயரும் திருப்பிய நாளும் கயிற்றின் நிலையும் புஸ்தகத்தில் பதியப்படுமாயின், மழை தொடங்குமுன் எது பழுது, எது புதிது என்பது தெரியும். புரட்டாசி மாதக் கூட்டத்திலேயே சாமான்களை வெளியில் எடுத்து அங்கத்தினர் முன்னிலையில் பரிசோதித்தல் நலம்.