கார்ப்பெட் அறையில் ஸ்கர்ட்டிங்குக்குப் பெயின்ட் அடிப்பது எப்படி?

ஆயுத பூஜை நெருங்கினால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோவிலும் பெயின்ட் வாசனை கிளம்பிவிடும். மெஷினுக்குப் பச்சை, கேட்டுக்குக் கறுப்பு, நடைபாதைக் கோட்டுக்கு மஞ்சள். ஷெட் வேலை எல்லாம் முடிந்து, கடைசியாகத்தான் ஆபீஸ் பக்கம் ஆள் வருவார். வில்லங்கம் அங்கேதான். மானேஜர் அறையிலும் கான்ஃபரன்ஸ் அறையிலும் தரை முழுக்கக் கார்ப்பெட். சுவரின் அடியில் நாலு அங்குல உயரத்துக்கு ஓடும் மரப் பட்டையான ஸ்கர்ட்டிங்கோ, ஷூ உரசி, நாற்காலிச் சக்கரம் இடித்து, பார்க்கவே சகிக்காது. கதவு, ஜன்னல் சட்டம் போன்ற மர, இரும்பு வேலைப்பாடுகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது பெயின்டோ வார்னிஷோ அடிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவே எழுதி வைத்தது. ஸ்கர்ட்டிங்கின் நிலைமைக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

நம் பெயின்டர்கள் தொழில் பழகிய தரை வேறு. சிவப்பு ஆக்ஸைடு, மொசைக், டைல்ஸ். கீழே கொஞ்சம் மணலைத் தூவிவிட்டு அடிப்பார்கள். அதையும் மீறிச் சிந்தினால் மறுநாள் பிளேடு வைத்துச் சுரண்டி, டர்பன்டைன் துணியால் ஒரு தேய்ப்பு. "அப்புறம் துடைச்சுக்கலாம் சார்" என்று அவர்கள் சொல்வது அந்தத் தரையில் நூற்றுக்கு நூறு உண்மை. கார்ப்பெட்டில் அந்த 'அப்புறம்' கிடையாது. இழைக்குள் இறங்கிய பெயின்ட் இறங்கியதுதான். ஆகவே துடைப்பதற்கு ஒதுக்கும் நேரத்தை எல்லாம் முன்கூட்டியே செலவழித்துவிட வேண்டும். பிரஷ் பிடிக்கும் நேரத்தைவிட அதற்கு முந்தைய ஏற்பாட்டு நேரம் அதிகமாக இருந்தால் வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

முதலில் கார்ப்பெட் எந்த வகை என்று பாருங்கள். ஆபீஸ்களில் பெரும்பாலும் கிடப்பது 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக வரும் கார்ப்பெட் டைல். அப்படியென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. சுவரோர வரிசையை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, வெறும் தரையில் அடிப்பதுபோல் அடிக்கலாம். ஒரு மூலையில் பட்டி பிளேடை நுழைத்து மெல்ல நெம்புங்கள். பசை விட்டுக்கொடுத்தால் சரி. பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடுங்கள், கிழிந்துவிடும். எடுத்த துண்டைத் திருப்பினால் முதுகில் ஓர் அம்புக்குறி அச்சாகியிருக்கும். இழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கான அடையாளம் அது. பக்கத்திலேயே சாக்பீஸால் வரிசை எண் எழுதுங்கள். சுவரோரத் துண்டுகள் அந்தந்த இடத்துக்கென அளந்து வெட்டப்பட்டவை. இடம் மாறினால் ஒன்று இடிக்கும், இன்னொன்று சந்து விடும். அம்பு திசை மாறினால் அந்தத் துண்டு மட்டும் வேறு நிறம்போலத் தெரியும்.

சுவருக்குச் சுவர் ஒரே விரிப்பாக இழுத்துப் பொருத்திய கார்ப்பெட் என்றால் கதை வேறு. அதன் ஓரத்தை ஆணி முனைகள் நீட்டிய ஒல்லியான சட்டம் அடியிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும். பிடுங்கினால் மறுபடி இழுத்து மாட்ட ஆள் தேட வேண்டும். இதை இருக்கிற இடத்திலேயே மறைத்துத்தான் அடிக்க வேண்டும்.

மறைப்பதற்கு முன் தூசி. உருக்காலைகளும் ரோலிங் மில்களும் இருக்கும் வட்டாரத்தில் இது சின்ன விஷயமில்லை. சுவரோரம் கார்ப்பெட்டில் மைக்கோடு போட்டாற்போல் ஒரு கறுப்பு வரி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாப் போட்ட கறை என்று வீட்டு வேலைக்காரர் தலையிலோ ஹவுஸ்கீப்பிங் பையன் தலையிலோ பழி விழும். உண்மையில் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் உள்ள சந்து வழியாகக் காற்று போய்வருகிறது. காற்றிலிருக்கும் நுண்தூசியைக் கார்ப்பெட் ஓரம் வடிகட்டிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெள்ளைப் பெயின்டில் நனைந்த பிரஷ் அந்த வரியை ஒருமுறை தொட்டால் போதும், மீதி ஸ்கர்ட்டிங் முழுக்கச் சாம்பல் நிறம். வேக்குவம் கிளீனரின் ஒல்லி மூக்கை மாட்டி ஓரத்தை இரண்டு முறை இழுத்து எடுங்கள். பிறகு ஸ்கர்ட்டிங்கின் மேல்விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்தது உப்புத்தாள். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்த தாளால் பரபரவென்று தேய்த்தால் அந்தப் பொடி நேராகக் கார்ப்பெட்டுக்குள் போய்க் குடியேறும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளை வாங்கி, ஈரத்தோடு தேய்த்து, அந்தச் சேற்றைத் துணியில் துடைத்து எடுத்துவிடுங்கள். பளபளப்பு மங்கினால் போதும், மரம் தெரிய வேண்டியதில்லை.

இப்போது மாஸ்கிங் டேப். இரண்டு அங்குல அகலம் எடுங்கள். ஒரு கை நீளத் துண்டுகளாகக் கிழித்து, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி, ஸ்கர்ட்டிங்கை முட்டிக்கொண்டு கார்ப்பெட் மேல் ஒட்டுங்கள். பிறகுதான் முக்கியமான வேலை: பட்டி பிளேடை டேப்பின் சுவரோர விளிம்பில் வைத்து, ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் உள்ள சந்துக்குள் அழுத்திச் செருக வேண்டும். டேப்போடு சேர்ந்து இழைகளும் கீழே மடங்கும். பட்டையின் அடிவிளிம்பு தனியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு இழை மேலே நிமிர்ந்து நின்றாலும் அது பெயின்டைக் குடிக்கும்.

டேப்புக்கு வெளியே பழைய வேட்டியோ போர்வையோ விரியுங்கள். நியூஸ்பேப்பர் வேண்டாம், துளி ஊறிக் கீழே இறங்கிவிடும். பிளாஸ்டிக் ஷீட்டும் சரிப்படாது. அதன்மேல் விழுந்த துளி காயாமல் கிடந்து உங்கள் காலில் ஒட்டி அறை முழுக்க ஊர்வலம் வரும். சிலர் காலண்டர் அட்டையைத் தடுப்பாகப் பிடித்து நகர்த்திக்கொண்டே அடிப்பார்கள். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அட்டை விளிம்பைத் துடைக்கிற பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது?

பெயின்டில் தண்ணீரில் கரையும் எனாமலை வாங்குவதே என் சிபாரிசு. ஆயில் எனாமலின் பளபளப்பு தனி என்று கடைக்காரர் சொல்வார், பொய்யில்லை. ஆனால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெதுவாக இறுகும் சரக்கு. ஒரு ராத்திரி போக வேண்டும். டர்பன்டைன் நெடியைக் கார்ப்பெட் பிடித்து வைத்துக்கொண்டு ஏசி அறையில் நாள்கணக்கில் திருப்பிக் கொடுக்கும். வெள்ளை ஆயில் எனாமல், வெளிச்சம் படாத பீரோ மறைவில் மஞ்சளாகவும் மாறும். ஆனால் ஒன்று: பழைய பூச்சு ஆயில் எனாமல் என்றால், தேய்த்து பிரைமர் அடித்த பிறகே தண்ணீர் எனாமல் பிடிக்கும்.

டின்னோடு அறைக்குள் போகாதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் ஒரு அங்குல ஆழத்துக்கு ஊற்றிக்கொண்டால், கவிழ்ந்தாலும் சேதம் அவ்வளவுதான். ஒன்றரை அங்குல பிரஷ்ஷின் மயிரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனைத்து, டப்பாவின் உட்பக்கத்தில் இரண்டு தட்டு. முதலில் மேல்விளிம்பு, பிறகு நடுப்பரப்பு. அதற்குள் பிரஷ் பாதி காய்ந்திருக்கும். அந்த அரைகுறை ஈரத்தோடுதான் கார்ப்பெட்டை ஒட்டிய அடிவிளிம்புக்கு வர வேண்டும். ஈரம் சொட்டும் பிரஷ்ஷோடு நேராக அடிவிளிம்புக்குப் போகிறவர்தான் டேப்புக்குக் கீழே பெயின்டை இறக்குகிறவர். மெல்லிசாக இரண்டு கோட் அடியுங்கள்.

இரண்டாவது கோட் விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் டேப்பைச் சாய்வாக, நிதானமாக உரியுங்கள். முழுக்க இறுகிவிட்டால் பெயின்டும் தோலாகச் சேர்ந்து வரும். அப்போது கட்டர் பிளேடால் விளிம்பில் ஒரு கோடு கீறிவிட்டு எடுக்க வேண்டும்.

அதையும் மீறி ஒரு துளி விழுந்ததா? தேய்க்காதீர்கள். ஸ்பூனால் வழித்து எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால், வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். ஆயில் எனாமல் என்றால் சோப்புக்குப் பதில் டர்பன்டைன். அதை முதலில் கண்ணில் படாத மூலையில் தொட்டுப் பாருங்கள். அதிகமாக ஊற்றினால் கார்ப்பெட்டின் அடிப்பசை கரையும்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காற்றில் ஈரம் ஏறி எல்லாமே தாமதமாகக் காயும். முடிந்தால் அதற்குள் வேலையை முடித்துவிடுங்கள், இல்லையென்றால் தை பிறக்கட்டும். எப்போது அடித்தாலும், கையில் ஒட்டவில்லை என்பதற்காக அன்றைக்கே சோபாவையும் பீரோவையும் சுவரோடு தள்ளிவிடாதீர்கள். உள்ளே முழுதாக இறுகச் சில நாள் ஆகும். அதுவரை நாலு விரல்கடை தள்ளியே இருக்கட்டும்.