பலகை வண்டியும் பந்தயப் பருவமும்



மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறிச் செல்லும் பாதையை ஒருமுறை கடந்தவர்கள் அதன் வளைவுகளை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். ஒரு வளைவில் வலப்புறம் நிற்கும் தேயிலைச் சரிவு அடுத்த வளைவில் இடப்புறம் வந்து நிற்கும். எதிரே பஸ் வந்துவிட்டாலோ, ஒதுங்கி நிற்க இடம் தேடவேண்டும். அத்தகைய ஒரு வளைவினருகே, மழை ஓய்ந்த மாலை வேளையொன்றில், சிறுவர் நால்வர் ஒரு பலகை வண்டியைச் சுற்றி நிற்கக் கண்டேன். கராஜில் கழித்துப் போட்ட பெயரிங் வளையங்களே அதன் சில்லுகள். முன்பக்கக் கட்டை நடுவில் ஓர் ஆணியில் சுழன்றது. அதன் இரு முனைகளிலும் கயிறு கட்டி, அக்கயிற்றையே கடிவாளமாகப் பிடித்திருந்தான் ஒருவன். தடை என்று சொல்லத்தக்கது அவனுடைய கால் செருப்பு மட்டுமே.

நான் மோட்டார்ப் பந்தயங்களைப் பற்றிப் பேசுபவன் என்பதை எவ்வாறோ அறிந்துகொண்ட அச்சிறுவன், “ஐயா, இதுக்கு ஒரு எஞ்சின் பூட்டினா ரேஸ் ஓடலாமா?” என்று கேட்டான். வழியிலே நின்று சொல்லிவிடக்கூடிய விடை அதற்கு இல்லை. ஆகவே அவ்விடையையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

சிறுவன் எண்ணியதையே 1956ஆம் ஆண்டில் ஒருவர் செய்தார். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கிளென்டேல் என்னும் ஊரில், பந்தயக் கார்களைக் கட்டும் தொழிற்சாலையொன்றில் வேலைபார்த்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவரே அவர். உருக்குக் குழாய்களை வளைத்து ஒரு சட்டம் செய்தார்; புல் வெட்டும் பொறிக்கென வந்து மிஞ்சிக் கிடந்த சிறு எஞ்சின் ஒன்றை அதன் பின்புறத்தில் பூட்டினார்; தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் தாமே அமர்ந்து ஓட்டினார். லூ பொரெல்லி என்ற நண்பர் அவருக்குத் துணை நின்றார். பின்னர் அத்தகைய வண்டிகள் ‘கோ கார்ட்’ என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தன. இவ்விளையாட்டுக்கென ஒரு சர்வதேசக் குழு 1962இல் அமைந்தது. முதலாவது உலகச் சம்பியன் பட்டத்தை 1964இல் இத்தாலியரான குவீடோ சாலா வென்றார். விளையாட்டாகப் பிறந்த வண்டி எட்டே ஆண்டுகளில் உலகப் போட்டி கண்டது.

இனி வண்டியின் அமைப்பைப் பார்ப்போம். கார்ட் வண்டியில் எது உண்டு என்பதைவிட எது இல்லை என்பதே கவனிக்கத்தக்கது. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வில்லும் ஷொக் அப்சோபரும் அதில் இல்லை. அதனினும் முக்கியமாக, லொறிச் சாரதிகள் நன்கறிந்த ‘டிபரென்ஷல்’ என்னும் பகுதி இல்லை. அதன் பணி யாது? வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிட நீண்ட தூரம் ஓடவேண்டும். பின்சில்லுகள் இரண்டுக்கும் இடையே 110 சென்ரிமீற்றர் இடைவெளி உள்ளதெனக் கொள்வோம். கொண்டையூசி வளைவொன்றில் வண்டி முழுதாகத் திரும்பி வந்த திசைநோக்கி நிற்கையில், வெளிச்சில்லு உட்சில்லைவிட ஏறத்தாழ மூன்றரை மீற்றர் அதிகம் ஓடியிருக்கும். காரிலும் லொறியிலும் டிபரென்ஷல் இருப்பதால் இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று இவ்வேற்றுமையைச் சரிக்கட்டிக்கொள்கின்றன. கார்ட்டிலோ இரு பின்சில்லுகளும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டவை. ஒன்று ஒரு முறை சுழன்றால் மற்றதும் ஒரு முறைதான் சுழல முடியும்.

அவ்வாறாயின் கார்ட் வண்டி எங்ஙனம் திரும்புகிறது? இங்கேதான் அதன் நுட்பம் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்சில்லுகள் பக்கவாட்டில் திரும்புவதோடு நில்லா. அவை பூட்டப்பட்டுள்ள முளைகள் சாய்வாக அமைந்திருப்பதால், உட்புற முன்சில்லு சட்டத்தைவிடக் கீழே இறங்கித் தரையை அழுத்துகிறது. வெளிப்புற முன்சில்லு சற்று மேலே ஏறுகிறது. சட்டம் முறுக்கிக்கொடுக்க, உட்புறப் பின்சில்லு தரையை விட்டு நூலளவு எழும்புகிறது. அக்கணத்தில் வண்டி மூன்று சில்லுகளில் ஓடுகிறது எனலாம். சாரதியின் உடற்பாரமும் வெளிப்புறம் தள்ளப்பட்டு இதற்குத் துணை செய்கிறது. ஆதலால் கார்ட்டின் சட்டம் அசையாத இரும்புக் கட்டிலாக இருத்தல் கூடாது; அளவறிந்து வளைந்து கொடுப்பதாக இருத்தல் வேண்டும். வில் இல்லாத அவ்வண்டிக்குச் சட்டமே வில். நல்ல சாரதி, வளைவின் தொடக்கத்தில் உட்சில்லைத் தூக்கி, வளைவு முடியுமுன் அதனை மெதுவாகத் தரையில் இறக்கிவிடுவான். நெடுநேரம் தூக்கி வைத்திருப்பவன் வேகத்தை இழப்பான். தூக்கத் தவறியவனுடைய வண்டி நேரே போக முயன்று முன்சில்லுகளைத் தேய்க்கும்.

மழை வந்துவிட்டால் இக்கணக்கெல்லாம் மாறிவிடும். ஈரத் தரையில் பிடிமானம் குறைவதால் உட்சில்லை எழுப்புவது கடினம். அதற்கென முன்சில்லுகளின் இடைவெளியை அகலப்படுத்துவார்கள்; நீரை ஒதுக்கும் பள்ளங்களுடைய டயர்களை மாற்றுவார்கள். உலர்ந்த நாளில் எல்லாரும் ஓடி ஓடி றப்பர் படிந்த தடமே வேகமான தடம். மழை நாளில் அதே தடம் எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். அறிந்தவர்கள் அதனை விட்டு விலகி, வெளிப்புறமாக, எவரும் போகாத தடத்தில் ஓடுவார்கள். இரு பருவமழைக்கும் இடையில் வாழும் நம் நாட்டில், ஒரு பந்தயப் பருவம் முழுவதும் மழையின்றி முடியும் என எதிர்பார்ப்பவன் பேதை.

பந்தயப் பருவம் என்றால் யாது? ஒரு கழகம் ஆண்டுக்குச் சில சந்திப்புகளை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், நடத்தும். வருபவர்கள் ஊதியம் பெறுவோர் அல்லர். வாரநாட்களில் கந்தோருக்கோ கடைக்கோ பாடசாலைக்கோ செல்பவர்கள். காலையில் பரிசோதகர் வண்டியைப் பார்வையிடுவார். தடை பிடிக்கிறதா, சங்கிலிக்கு மூடி உண்டா, தலைக்கவசம் தகுதியானதா என்று தொட்டுப் பார்த்தே அனுமதிப்பார். பின்னர் சாரதிகளைக் கூட்டிக் கொடிகளின் பொருளை எடுத்துரைப்பார்கள். மஞ்சட் கொடி: முன்னே ஆபத்து, முந்தாதே. நீலக் கொடி: உன்னைவிட வேகமானவன் ஒரு சுற்று முன்னேறி வருகிறான், வழிவிடு. செங்கொடி: நிறுத்து. கறுப்புக் கொடி எவருக்குக் காட்டப்படுகிறதோ அவர் ஓடுபாதையை விட்டு வெளியேற வேண்டும். இவையெல்லாம் ஆண்டுதோறும் கேட்டுச் சலித்த செய்திகளே எனினும், வராதவனுக்கு அன்று பந்தயம் இல்லை எனப் பல கழகங்கள் விதித்துள்ளன. அதற்குப் பிறகு ஒத்திகை ஓட்டம், நேரம் கணித்தல், முன்னோட்டங்கள், இறுதி ஓட்டம் என்று பொழுது கழியும்.

எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்த இடம் வெற்றிமேடை அன்று. ஓட்டம் முடிந்ததும் வண்டிகள் வரிசையாக ஏறி இறங்கும் தராசு. ஒல்லியான ஒருவனுக்கும் பருத்த ஒருவனுக்கும் ஒரே எஞ்சினைக் கொடுத்தால் போட்டி தொடங்குமுன்பே முடிந்துவிடும் அன்றோ? ஆகவே வண்டியும் சாரதியும் சேர்ந்து இவ்வளவு கிலோகிராமுக்குக் குறையலாகாது என ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எல்லை உண்டு. வளர்ந்தோர் பிரிவுகளில் அது 160 கிலோகிராம் அளவில் இருப்பதுண்டு. மெலிந்தவர்கள் இருக்கையில் ஈயக்கட்டிகளைத் திருகிக்கொண்டு அதனை எட்டுவார்கள். எரிபொருள் தீர்ந்து, டயர் தேய்ந்து, வியர்வை வடிந்தபின் எடுக்கப்படும் நிறையே கணக்கு. எல்லைக்குச் சிறிது குறைந்தாலும் முதலாவதாக வந்தவன் அன்றைய பட்டியலிலேயே இல்லாதவன் ஆகிவிடுவான். இதற்கஞ்சிய சிலர், இறுதிக் கொடி விழுந்தபின் பாதையோரத்தில் சிதறிக் கிடக்கும் றப்பர்த் துணுக்குகள்மீது வேண்டுமென்றே ஓட்டி, சூடான டயர்களில் அவற்றை ஒட்டவைத்துக்கொண்டு வருவதும் உண்டு. மீன்கடைத் தராசில் கல் வைக்கும் தந்திரத்தின் உறவினன் இது!

எஞ்சினிலும் சமன்மை வேண்டும் என்பதற்காக எழுந்ததே முத்திரை முறை. ஒஸ்திரிய நாட்டின் ரோட்டக்ஸ் நிறுவனத்தார் செய்யும் 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் உலகெங்கும் கழகப் போட்டிகளில் பயன்படுகிறது. அதனைத் திறந்து உள்ளே கைவைக்க முடியாதவாறு முத்திரையிட்டே போட்டிக்கு அனுமதிக்கிறார்கள். முத்திரை உடைந்திருந்தால் ஓட்டம் செல்லாது. பணமுள்ளவன் எஞ்சினைச் செதுக்கிச் செதுக்கி வேகம் வாங்குவதைத் தடுக்க, இதனினும் எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பருவத்தின் கணக்குக்கு வருவோம். கழகத்துக்குக் கழகம் புள்ளி முறை வேறுபடும். உதாரணமாக, முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 8, மூன்றாமிடத்துக்கு 6 எனக் கொள்வோம். ஆறு சந்திப்புகள். ஒருவன் மூன்றில் எல்லாரையும் வென்று, மற்ற மூன்றில் சங்கிலி அறுந்தோ வளைவில் மோதியோ முடிக்காமல் நின்றான். அவனுக்கு 30 புள்ளிகள். மற்றொருவன் ஒன்றிலேனும் வெல்லவில்லை. மூன்றில் இரண்டாவது, மூன்றில் மூன்றாவது. அவனுக்கு 42. சில கழகங்களில் மிகக் குறைந்த பெறுபேறு ஒன்றை விட்டுவிடலாம் என்பார்கள். அங்ஙனம் விட்டாலும் 36; அப்போதும் அவனே சம்பியன். சனிக்கிழமை இரவில் சங்கிலியைக் கழற்றிப் பார்த்தவன், முந்த இயலாத இடத்தில் முந்தாமல் விட்டவன், வளைந்த அச்சை மறுசந்திப்புக்கு முன் மாற்றியவன் ஆகியோருக்கே புள்ளிப் புத்தகம் சாதகமாக எழுதப்பட்டிருக்கிறது. பார்வையாளர் கைதட்டல் முதலாமவனுக்கே செல்லும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செலவு? இதனை மறைத்துப் பேசுவது சரியன்று. டயர், எஞ்சின், சட்டம் யாவும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக இரவுபகலாக வரிசையில் நின்ற நமக்கு, விளையாட்டுக்காக எரிபொருளை எரிப்பது நெஞ்சை உறுத்தவும் செய்யும், எனக்கும் உறுத்துகிறது. எனினும் இவ்விளையாட்டின் வரலாற்றில் வசதியற்றோர் இல்லாமல் இல்லை. ஜேர்மனியின் கெர்பன் ஊரில் கொத்தனாராயிருந்த ஒருவர், தம் மகனுடைய மிதிவண்டிக் கார்ட்டில் சிறு மோட்டார்சைக்கிள் எஞ்சினைப் பூட்டிக்கொடுத்தார். பிறர் கழித்த டயர்களைப் பொறுக்கிப் பூட்டி ஓடிய அம்மகனே பின்னாளில் ஏழு முறை உலகச் சம்பியனான மைக்கேல் ஷூமாக்கர். அவருக்கு உள்ளூரிலேயே ஓடுபாதை இருந்தது என்பதையும் மறக்கலாகாது. எல்கடுவைச் சிறுவனுக்கோ, பண்டாரகமையிலுள்ள கார்ட் ஓடுபாதை நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. தமிழகத்தில் கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில், 1995இல் மறைந்த கரிவர்தனின் பெயரால் அமைந்த ஓடுபாதையில் தேசிய கார்ட் போட்டிகள் நடைபெற்றுள்ளன. அது கடலுக்கு அப்பால்.

“நம்மூர்ப் பாதையே இருக்கிறதே” என்று நேயர் ஒருவர் கருதக்கூடும். மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் பந்தயம் நடந்ததில்லையா என்றால், நடந்திருக்கிறது. நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டையில் 1934 முதல் மலையேற்றப் பந்தயம் நடைபெற்று வந்திருக்கிறது. ஆனால் அங்கே பாதை மூடப்படும்; வண்டிகள் ஒவ்வொன்றாக விடப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும். பஸ்ஸும் பால் வண்டியும் பாடசாலைப் பிள்ளைகளும் வரும் பாதையில், அருகருகே முந்தி ஓடும் கார்ட் வண்டிக்கு இடமே இல்லை. மூடிய ஓடுபாதையிலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவையில் நடந்த கார்ப் பந்தயத்தில், வண்டியொன்று பாதை விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்தது; எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். பந்தயம் பார்க்கச் செல்லும் எவரும் முதலில் கேட்கவேண்டியது எவர் வேகமானவர் என்பதன்று. நான் நிற்குமிடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே என்ன தடுப்பு இருக்கிறது என்பதே. மஞ்சட் கொடியை உயர்த்தும் தொண்டர் இல்லையேல் கழகமே இல்லை. அத்தொண்டு செய்ய வண்டி வாங்கவேண்டியதில்லை. கூர்ந்த கண்ணும் நாள் முழுதும் நிற்கும் காலும் போதும்.

இனி அச்சிறுவனுக்கு நேரே சொல்கிறேன். தம்பி, உன் பலகை வண்டிக்கு எஞ்சின் வேண்டாம்; கயிறும் செருப்பும் அவ்வேகத்தைத் தாங்கா. பாதையை விட்டு, பாடசாலை மைதானத்துச் சீமெந்துத் தரைக்கு அதனைக் கொண்டு போ. பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். உன் வண்டியில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே சுழல்கிறது. அதனால்தான் அது எளிதாகத் திரும்புகிறது. பின்சில்லுகளைக் கழற்றிவிட்டு, மரச்சில்லு இரண்டை ஒரே இரும்புக் கம்பியில் இறுக அடித்து, கம்பியே சுழலும்படி பலகையின் அடியில் பொருத்து. நண்பர்கள் மெதுவாகத் தள்ளட்டும். நீ கயிற்றை இழுத்தாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். அப்போது உடம்பை வளைவின் வெளிப்புறம் நன்றாகச் சாய்த்துப் பார். உட்சில்லு எழும்பியதும் வண்டி திரும்பும். சாயாமல் திரும்பியபோது சில்லு தரையில் தேய்த்த கோடு எவ்வளவு நீளம், சாய்ந்து திரும்பியபோது எவ்வளவு நீளம் என்று அடிக்கோலால் அளந்து, வானொலி நிலைய முகவரிக்கு எழுது.