123 உயிர்களைக் குடித்த 6 மில்லிமீட்டர் வெல்டிங்!

1980 மார்ச் 27, மாலை ஆறரை மணி. வட கடலில் நார்வே நாட்டின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல். பக்கத்து எண்ணெய் மேடைகளில் வேலை பார்ப்பவர்கள் தங்குவதற்காக அங்கே ஒரு மிதக்கும் மேடை நின்றிருந்தது. நார்வே எழுத்தாளர் ஒருவரின் நினைவாக அதற்கு 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்று பெயர். அன்று அதில் 212 பேர் இருந்தார்கள். வேலை முடித்து வந்தவர்களில் சிலர் சாப்பாட்டு அறையிலும், சிலர் மேடையிலேயே இருந்த சின்ன சினிமா அரங்கிலும் இருந்தார்கள். வெளியே மழையும் பலத்த காற்றும். அலைகள் உயரமாக எழுந்தன. வட கடலுக்கு இதெல்லாம் சகஜம்.

திடீரென்று ஒரு பெரும் சத்தம். மேடை 30 டிகிரிக்கும் மேல் சாய்ந்தது. ஆறு நங்கூரக் கம்பிகளில் ஐந்து அறுந்துபோயின. மிச்சமிருந்த ஒரே ஒரு கம்பி சுமார் இருபது நிமிடம் மேடையை இழுத்துப் பிடித்திருந்தது. அதுவும் அறுந்ததும் மேடை தலைகுப்புறக் கவிழ்ந்தது. 123 பேர் இறந்தார்கள்.

ராட்சத அலை எதுவும் வரவில்லை. மேடையும் பழசில்லை, கட்டி முடித்து நான்கே வருடம்தான் ஆகியிருந்தது. பிறகு எப்படி?

அந்த மேடைக்கு ஐந்து கால்கள். கால்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தியவை பெரிய இரும்புக் குழாய்கள். அவற்றில் ஒன்றில் ஓட்டை போட்டு, நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியைப் பொருத்த ஒரு சின்னத் தாங்கியை வெல்டிங் செய்திருந்தார்கள். குழாயின் விட்டம் 2.6 மீட்டர். தாங்கியைச் சுற்றிய வெல்டிங்கோ வெறும் 6 மில்லிமீட்டர். விரிசல் அங்கேதான் தொடங்கியது என்று விசாரணையில் தெரிந்தது. விரிசலுக்குள் பெயின்ட் தடயமும் இருந்தது! அதாவது, மேடை கடலில் இறங்கும் முன்பே, கட்டும் இடத்திலேயே வெல்டிங் விட்டிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

ஒரு கம்பியை ஒரே இழுப்பில் உடைக்க முடியாது. இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் 'டக்'கென்று ஒடிந்துவிடும். வீட்டில் எல்லோரும் செய்து பார்த்த விஷயம்தான். பொறியாளர்கள் இதை 'உலோகக் களைப்பு' என்கிறார்கள். கடல் செய்வதும் இதையேதான். பத்து விநாடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடத்துக்கு 31 லட்சம் அலைகள். நான்கு வருடத்துக்கு ஒரு கோடியே 26 லட்சம். ஒவ்வோர் அலையும் குழாயை ஒரு முறை இழுத்து ஒரு முறை விடுகிறது.

அலை ஒரு தூணை எவ்வளவு விசையோடு தள்ளும் என்பதற்கு 1950-லேயே மோரிசன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது சகாக்களும் ஒரு சமன்பாடு தந்துவிட்டார்கள். தண்ணீரின் வேகத்தால் வரும் விசை ஒன்று, அந்த வேகம் கூடிக் குறைவதால் வரும் விசை இன்னொன்று. இரண்டையும் கூட்ட வேண்டும். இன்றும் மெல்லிய தூண்களுக்கு இந்தக் கணக்குதான். கஷ்டமான கேள்வி அதற்கு அடுத்தது. இந்த விசையை இரும்பு எத்தனை முறை தாங்கும்?

அதற்காக ஆய்வகங்களில் வெல்டிங் செய்த இரும்புத் துண்டுகளை லட்சக்கணக்கான முறை, சில சமயம் கோடிக்கணக்கான முறை, இழுத்து விட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒடியும் வரை. அதில் கிடைத்த விடை யாரையும் யோசிக்க வைக்கும். இழுவிசை இரண்டு மடங்கானால், வெல்டிங் மூட்டின் ஆயுள் பாதியாவதில்லை, சுமார் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அகலமான தகட்டில் ஒரு வட்ட ஓட்டை இருந்தால், அதன் விளிம்பில் அழுத்தம் மூன்று மடங்கு ஏறும். கீலாண்ட் மேடையில் தாங்கியைச் சுற்றிய வெல்டிங் விட்டதும் அந்த இடம் வெறும் ஓட்டையாகிவிட்டது. மீதிக் கணக்கைக் கடல் பார்த்துக்கொண்டது.

அந்த ஒரு குழாய் ஒடிந்ததும், அதே காலைப் பிடித்திருந்த மற்ற ஐந்து குழாய்களும் பாரம் தாங்காமல் அடுத்தடுத்து முறிந்தன. கால் தனியே பிய்ந்து போனது. உண்மையில் பெரிய குறை இதுதான். ஒன்று போனால் தாங்கிக்கொள்ள மாற்று ஏற்பாடே இல்லை. உயிர்காக்கும் படகுகளின் கதை இன்னும் கொடுமை. ஏழு படகுகளில் நான்கை இறக்கினார்கள். பாரம் தொங்கும்போது கொக்கி கழலாத அமைப்பு என்பதால் மூன்று படகுகள் மேடையில் மோதி நொறுங்கின.

விபத்துக்குப் பிறகு நார்வே விதிகளை மாற்றியது. ஒரு குழாய் ஒடிந்தாலும் மேடை கவிழாமல் நிற்க வேண்டும் என்பது கட்டாயமானது. தொங்கும் நிலையிலும் கழற்றக்கூடிய படகுக் கொக்கிகள் வந்தன. வெல்டிங் மூட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பரிசோதிப்பதும் தீவிரமானது. இப்போது கடலில் நடும் காற்றாலைகளுக்கும் இதே களைப்புக் கணக்குதான். அங்கே அலையோடு காற்றும் சேர்ந்து ஆட்டுகிறது.

ஒடிந்த அந்தக் குழாயின் ஒரு பகுதி நார்வேயின் ஸ்டவாங்கர் நகரத்துப் பெட்ரோலிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரிசல் ஓடிய தடம் அதில் அப்படியே தெரிகிறது.