அபா நகரில் கிடைத்த ஒரு புள்ளி

2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. குருத்து ஞாயிறுக்கு இரண்டே நாள்கள் இருந்தன. காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு நாம் பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, வாசற்படியில் இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, முகம் வாடிக் கிடந்தது. அவர் வீட்டில் முதிய பாட்டியார் நெடுநாளாய்ப் படுக்கையில் இருப்பதை நாம் அறிவோம். ஆகவே நோயில் பூசுதலுக்கு அழைக்க வந்திருக்கிறார் என்றெண்ணி, எண்ணெய்ச் சிமிழை எடுக்க உள்ளே திரும்பினோம்.

"பாட்டிக்கு ஒண்ணும் இல்லை, சாமி. கஞ்சி குடிச்சிட்டு நல்லாத்தான் இருக்காங்க. ஆட்டம் போச்சு, சாமி."

"தோற்றுவிட்டோமா, தம்பி?"

"தோத்திருந்தாலும் மனசு ஆறியிருக்கும். சைபருக்கு சைபர்."

துக்க வீட்டிலிருந்து வருபவர்போல் அவர் இதைச் சொன்னார். நமக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டோம்.

தென்காசிச் சீமையில் கால்பந்துக்காகக் கண்ணீர் விடுவோர் உண்டோ என வாசகர் வியக்கக்கூடும். குற்றாலச் சாரலுக்கும் காசி விசுவநாதர் கோபுரத்திற்கும் பேர்போன ஊர் இது. கால்பந்து என்றால் கன்னியாகுமரிக் கடற்கரைப் பங்குகளைத்தான், குறிப்பாகத் தூத்தூர்ப் பகுதியைத்தான், நம் மக்கள் நினைப்பர். ஆயினும் மேற்கே ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிவிட்டால் வேறோர் உலகம். செங்கோட்டை 1956 வரை அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர்தானே! 1904-இல் மலையைக் குடைந்து போட்ட இருப்புப் பாதை வழியாக மரமும் மிளகும் மட்டுமா வந்தன? நம் இளைஞர் எர்ணாகுளத்தில் தரையோடு பதிக்கும் வேலை செய்பவர். அங்கே கற்ற தொழில்களுள் கால்பந்துப் பித்தும் ஒன்று. 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோட்டுப் பக்கம் ஆற்றின் நடுவில் மெஸ்ஸியின் நெடிய உருவத்தை நிறுத்திய மண் அல்லவா அது! அர்ஜென்டினாவுக்காக அழுத இளைஞரை நாமும் கண்டிருக்கிறோம். இந்தியாவுக்காக அழுத ஒருவரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம்.

நடந்தது இதுதான். 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் கத்தார், குவைத், ஆப்கானிசுத்தான் ஆகியவற்றோடு இந்தியா ஒரே பிரிவில் இருந்தது. முதல் இரண்டு இடங்களைப் பெறும் அணிகள் மூன்றாம் சுற்றுக்குச் செல்லும். இந்தியா அச்சுற்றை அதுவரை எட்டியதேயில்லை. 2023 நவம்பரில் குவைத் நாட்டிற்கே சென்று 1-0 என வென்றபோது, 'இம்முறை கைகூடும்' என்ற நம்பிக்கை பிறந்தது. அடுத்துப் புவனேசுவரத்தில் கத்தாரிடம் 0-3. பின்னர் 2024 சனவரியில் ஆசியக் கோப்பை. மூன்று ஆட்டங்கள், மூன்றிலும் தோல்வி, ஒரு கோலும் இல்லை. இந்நிலையில் எளிய எதிரி எனக் கருதப்பட்ட ஆப்கானிசுத்தானோடு ஆட்டம் வந்தது. உலகத் தரவரிசையில் இந்தியா அப்போது 117, ஆப்கானிசுத்தான் 158.

வேற்று மண்ணில் ஆட்டம் என்று பெயர். உண்மையில் அது இரு அணிக்குமே வேற்று மண். சொந்த நாட்டில் ஆட இயலாத ஆப்கானியர், சவுதி அரேபியாவின் அபா நகரைத் தம் வீடாக வைத்துக்கொண்டனர். நம் பொதிகையின் அகத்தியர் முடி 1868 மீட்டர். அபா அதனினும் உயரம், ஏறத்தாழ 2200 மீட்டர். காற்று மெலிந்த இடம். ஓடுவோர்க்கு மூச்சு முட்டும். நோன்புக் காலமாதலின் ஆட்டம் இரவு பத்து மணிக்குத் தொடங்கிற்று. நம் நாட்டில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. வீட்டார் உறங்க, மொட்டை மாடியில் கைப்பேசியை நீர்த்தொட்டியின்மேல் சாய்த்து வைத்து நம் இளைஞர் இரண்டரை மணி வரை தனியே விழித்திருக்கிறார். வாய்ப்புகள் வந்தன, பந்து வலைக்குள் செல்லவில்லை. முந்தைய நவம்பரில் குவைத்தில் அடித்த கோலுக்குப் பின், இந்தியா கோலின்றி முடித்த ஐந்தாவது ஆட்டம் அது.

"சொந்த ஊர்ல ஆடவே வழியில்லாத டீம், சாமி. அவங்க ஆளுங்க பாதிப் பேர் சங்கத்தோட சண்டை போட்டுட்டு வரவே இல்லை. அவங்களை ஜெயிக்க முடியலைன்னா வேற யாரை ஜெயிக்கப் போறோம்?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆப்கானிய அணியின் வழக்கமான ஆட்டக்காரர் பலர் தம் சங்கத்தோடு பிணங்கி விலகி நின்ற காலம் அது. ஆயினும் நமக்கு வேறொன்று தோன்றிற்று. வந்தவர்கள், வராதவர்களின் இடத்தை நிரப்ப வந்த பிள்ளைகள். அவர்களுக்கும் எங்கோ அயல்நாட்டு அறையொன்றில் ஒரு விசிறி விழித்திருந்திருப்பான். அவனுக்கு அந்தச் சைபர் தேனாய் இனித்திருக்கும். இதைச் சொன்னபோது நம் இளைஞர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். 'சாமியார் எந்தக் கட்சி?' என்று அந்தப் பார்வை கேட்டது.

உண்மையில் சமநிலை என்பது விந்தையான பண்டம். அதற்கென்று தனிச் சுவை இல்லை. நாம் எதிர்பார்த்தது எதுவோ அதன் சுவையே அதற்கு. 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு இந்தியா 1-1 எனச் சமன் செய்தது. பி. கே. பானர்ஜி அடித்த கோலால் முன்னணியில் இருந்து, கடைசியில் நழுவவிட்ட ஆட்டம் அது. இன்றும் பெருமையோடு பேசுகிறோம். அவ்வளவு தூரம் போவானேன்? 2019 செப்டம்பர் 10 அன்று தோகாவில், அவ்வாண்டு ஆசியக் கோப்பையை வென்றிருந்த கத்தாரோடு இதே இந்தியா, இதே பயிற்சியாளர் இகோர் சுட்டிமாச்சின்கீழ் 0-0. அன்று கோல் காப்பாளர் குர்பிரீத் சிங் சந்துவை நாடே தோளில் தூக்கிற்று. நம் இளைஞரும் அன்று எர்ணாகுளத்தில் அறைத் தோழர்களுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தாராம். அதே சைபர், அதே ஒரு புள்ளி!

இதற்குள் அவர் கைப்பேசியை எடுத்து, இரவில் தாம் எழுதிப் பரப்பியிருந்த சில வரிகளைக் காட்டினார். பயிற்சியாளரையும் தலைவர் சுனில் சேத்திரியையும் சுடுசொல்லால் தாளித்திருந்தார். காட்டும்போதே நாணம் இருந்தது. அதனால் நாம் கடிந்துகொள்ளவில்லை. 2018 சூனில் மும்பையில் சீன தைப்பேயை 5-0 என இந்தியா வென்றபோது அரங்கில் மூவாயிரம் பேர்கூட இல்லை. அதன்பின் சேத்திரி ஒளிப்படத்தில் தோன்றி, 'திட்டுங்கள், குறை சொல்லுங்கள். ஆனால் அரங்கிற்கு வந்து செய்யுங்கள்' என்னும் பொருள்பட வேண்டிக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் அரங்கு நிரம்பி வழிந்தது. "அவரே அனுமதி கொடுத்திருக்கிறார் தம்பி, ஆனால் வந்து திட்டவேண்டுமாம்" என்றோம். அன்று முதன்முறையாக அவர் சிரித்தார். அவ்வரிகளை அழித்தாரா என்பதை நாம் கேட்கவில்லை.

"இனிமே இவங்க ஆட்டத்தைப் பாக்கவே மாட்டேன், சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனார். அந்தச் சபதம் நான்கு நாள் நிலைத்தது. 26-ஆம் நாள், பெரிய வாரத்துச் செவ்வாய், கௌகாத்தியில் அதே அணியோடு மறு ஆட்டம். சேத்திரிக்கு அது 150-ஆவது. 38-ஆம் நிமிடத்தில் பெனால்டி உதையால் அவரே கோல் அடித்தார். பிறகு 70-ஆம் நிமிடத்தில் ஒன்று, 88-ஆம் நிமிடத்தில் பெனால்டியில் ஒன்று என வாங்கிக்கொண்டு, சொந்த மண்ணில் 1-2 எனத் தோற்றோம். சூன் 6-ஆம் நாள் கொல்கத்தாவில் குவைத்தோடு 0-0. சேத்திரி கண்ணீரோடு விடைபெற்றார். சூன் 11-ஆம் நாள் தோகாவில் 1-0 என முன்னணியில் இருந்தபோது, எல்லைக் கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே இழுத்து அடித்ததைக் கோல் என்றனர், இறுதியில் 1-2. கதவு சாத்தப்பட்டது. சூன் 17-ஆம் நாள் பயிற்சியாளரும் நீக்கப்பட்டார்.

அம்மாதக் கடைசியில் எர்ணாகுளத்துத் தோழர்கள் நால்வரோடு நம் இளைஞர் சாரலுக்கு வந்தார். ஐந்தருவிக் கரையில் ஒரு தேநீர்க் கடையில் நம்மையும் அமர்த்திக்கொண்டார். ஈரத் துண்டோடு அமர்ந்தபடி, "எல்லாம் அந்த அபா ராத்திரியாலதான், சாமி. அன்னைக்கு ஜெயிச்சிருந்தா இன்னைக்கு நாம மூணாவது சுற்று" என்றார். தோழர்களும் தலையசைத்தனர்.

நமக்குக் கணக்கில் சிறுவயது முதலே ஆசை உண்டு. குருமடத்தில் மெய்யியலைவிட அதுவே நமக்கு எளிதாயிருந்தது. சட்டைப் பையில் இருந்த கடித உறையைத் திருப்பிப் போட்டுக் கணக்கிட்டோம். குவைத் இறுதியில் 7 புள்ளி. அடித்த கோல் 6, வாங்கியது 6. இந்தியா 5 புள்ளி. அடித்தது 3, வாங்கியது 7. அபாவில் 1-0 என வென்றிருந்தால் நமக்கும் 7 புள்ளி. ஆனால் கோல் வேறுபாட்டில் மூன்று குறைவு, குவைத்தே முந்தியிருக்கும். அந்த இரவு வெற்றி மட்டும் போதாது. நான்கு கோல் வேண்டியிருந்தது. மாறாக, அபாவை அப்படியே விட்டுவிட்டுக் கௌகாத்தியில் வென்றிருந்தால் 8 புள்ளி. அது ஒன்றே போதும்.

உறை கைமாறி எல்லார் கண்ணுக்கும் போயிற்று. மலையாளத் தோழர் ஒருவர் இருமுறை கூட்டிப் பார்த்தார். கணக்கு சரிதான்.

"அப்போ நான் அழுதது தப்பான ராத்திரியா, சாமி?" என்றார் நம் இளைஞர்.

நாம் விடை தேடுவதற்குள் அவரே, "நாலு கோல்... குவைத் இதே டீமை நாலுக்கு சைபர்னு அடிச்சிருக்கானே! அப்போ நாமளும் அடிச்சிருக்கலாம்ல?" என்று மீண்டும் சூடேறினார். தேநீர் ஆறிப்போயிற்று. விசிறியிடம் கணக்கைக் காட்டியது நம் தவறே. அன்றிரவு அவர்கள் பாலருவி விரைவு வண்டியில் ஏறினர். உறை அவரோடு போயிற்று.

அதன்பின் 2025 அக்டோபர் 9-ஆம் நாள் இரவு நம் தொலைபேசி ஒலித்தது. 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதி ஆட்டம், சிங்கப்பூரில். இந்தியா ஒரு கோல் பின்தங்கி, ஓர் ஆட்டக்காரரும் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேராக ஆடிக்கொண்டிருந்தது. முன்பு சென்னையின் அணியில் ஆடிய ரகீம் அலி 90-ஆம் நிமிடத்தில் சமன் செய்துவிட்டார். "ஒண்ணுக்கு ஒண்ணு, சாமி! ஒண்ணுக்கு ஒண்ணு!" என்று அவர் கத்திய கத்தில், பின்னால் அறைத் தோழர்களின் ஆரவாரத்தில், கோப்பையே கைக்கு வந்துவிட்டதோ என்றுதான் நாம் முதலில் எண்ணினோம்.

ஐந்து நாள் கழித்துக் கோவாவில், சொந்த மண்ணில், அதே சிங்கப்பூரிடம் 1-2. அன்றிரவு தொலைபேசி ஒலிக்கவில்லை.