கணினிக் கணக்கும் அதன் படிகளும்

காணி வாங்குவோர் நொத்தாரிசின் முன்னிலையில் உறுதி முடிப்பது சாவகச்சேரியில் யாவரும் கண்ட செயல். அவ்வுறுதி ஒரு படியோடு நின்றுவிடுவதில்லை. ஒரு படி காணி கொண்டவர் கைக்குச் சேர்கின்றது. இணைப்படி காணிப் பதிவகத்துக்குச் செல்கின்றது. மற்றொரு படி நொத்தாரிசிடமே தங்குகின்றது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும் ஒழுங்கு இது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தனர். 2000ஆம் ஆண்டுப் போரிலோ சாவகச்சேரி நகரமே இடிந்தது. அத்தகைய காலங்களில் ஒரு வீடு எரிந்தாலும் மூன்று படிகளும் ஒருங்கே எரிவதில்லை என்பதன் அருமை விளங்கும்.

இன்று வணிகரின் பேரேடு கணினிக்குள் புகுந்துவிட்டது. பழக்கடை மொத்த வியாபாரி முதற் சங்கக் கடை வரை, கடன் பற்றும் வரவும் ஒரு தட்டில் எழுதப்படுகின்றன. உறுதிக்கு முன்னோர் செய்த காவலைக் கணக்குக்குச் செய்வது எவ்வாறு?

பெரு நிறுவனங்களும் வங்கிகளும் கையாண்ட கணினி வகை ஒன்றை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1988இல் வெளியிட்ட ஏ.எஸ்./400 என்பது அது. அதன் வழிவந்த பொறிகள் இன்றும் இயங்குகின்றன. அப்பொறியில் தட்டுகள் பலவாயினும் அவை யாவும் ஒரே கடல் போல் அமைந்திருந்தன. பொறியை இயக்கும் கட்டளைகளும் முதலாளியின் கணக்கும் அக்கடலில் கலந்து கிடக்கும். ஆளுவதற்கு இது எளிது, பிரித்தெடுப்பதற்கோ அரிது. ஆகவே 2001, 2002ஆம் ஆண்டுகளில் தனித்த சேமிப்புத் தொகுதி என்னும் ஏற்பாடு அதில் விரிவு பெற்றது. ஆங்கிலத்தில் இதனைக் குளம் என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். யாழ்ப்பாணத்தார்க்குப் பெட்டகம் என்றால் இன்னும் நன்றாக விளங்கும். கணக்குகளை மட்டும் இட்டு மூடிய பெட்டகம். ஒரு பொறி பழுதானால் அதனைக் கழற்றி மற்றொரு பொறியோடு பூட்டலாம்.

பெட்டகம் கிடைத்தவுடன் காரியம் முடிந்தது என்று எண்ணுவது பிழை. பழைய மென்பொருள், தான் என்றும் ஒரே வீட்டில் வாழ்வதாக நம்பி எழுதப்பட்டது. கணக்கைப் பெட்டகத்துள் வைத்துவிட்டு, இலக்க வரிசை, பயன்படுத்துவோர் உரிமை, வேலைகளின் ஒழுங்கு ஆகியவற்றை வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் போட்டுவைக்கும். பெட்டகம் மறு வீட்டுக்குப் போகும். சாவி பழைய வீட்டிலேயே கிடக்கும். பயன்படுத்துவோர் பெயர்ப் பதிவு போன்ற சில பொருள்கள் பெட்டகத்துள் புகவே மாட்டா. அவற்றை இரண்டாம் பொறியிலும் முன்கூட்டியே அமைத்தல் வேண்டும். கணக்கில் நிகழும் மாற்றங்களைக் குறிக்கும் நாளேடோ, கணக்கு இருக்கும் அதே பெட்டகத்துள் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு வேலையும் தான் எந்தப் பெட்டகத்தைத் திறக்கின்றது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். மென்பொருளைப் பொருத்துதல் என்பது பெரும்பாலும் இந்த ஒழுங்குபடுத்தலே. வீடு மாறுவோர் எதை எங்கே வைத்தோம் என்று தேடும் வேலைதான் இதிலும் பாதி.

அடுத்தது படியெடுத்தல். ஒரு பற்று எழுதப்படும்போதே தொலைவிலுள்ள மற்றொரு பெட்டகத்திலும் எழுதுவித்தல் ஒரு முறை. அங்கே எழுதியாயிற்று என்னும் விடை வந்த பின்னரே இங்கே அடுத்த வேலை நடக்கும். சாவகச்சேரிக்கும் கொழும்புக்கும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் அளவில் ஓடுமாதலால், போய் மீள நொடியில் 250இல் ஒரு பங்கு செல்லும். ஒருவருக்கு அது ஒன்றுமில்லை. ஆயிரமாயிரம் பற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதும் பொறிக்கோ அது சுமை. ஆதலின் தொலைவான இடங்களுக்கு, விடைக்குக் காத்திராது பின்னாலே அனுப்பிவைக்கும் முறையைக் கொள்வர். அதில் விபத்து நேரும் வேளையில் கடைசிச் சில பற்றுகள் வழியிலேயே போய்விடக்கூடும். எதனை இழக்கலாம், எதனைத் தாமதிக்கலாம் என்பதைக் கணினி வல்லுநர் தீர்மானிக்க இயலாது. அது கணக்குக்கு உடையவன் சொல்ல வேண்டிய விடை.

இன்னோர் உண்மையையும் நேயர்கள் கருத வேண்டும். உடனுக்குடன் எழுதும் படி, பிழையையும் உடனுக்குடன் எழுதும். எழுத்தர் தவறி ஒரு கணக்கை அழித்தால் அங்கும் அது அழியும். நச்சு நிரல் புகுந்து கணக்கைப் பூட்டினால், பூட்டிய கணக்கே அங்கும் போய்ச் சேரும். இதற்குக் காவல், சிறிது காலம் முந்திய படியொன்றை இணைப்பினின்றும் கழற்றி வைத்தலே. 2023இல் இலங்கை அரசின் முகிற் கணினி கப்பம் கோரும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அக்காலத்துக்குக் காப்புப் படி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கும். தென் கொரியாவில் 2025 செப்டெம்பரில் அரச கணினி நிலையமொன்றில் தீப்பற்றியபோது, அலுவலரின் கோப்புகள் 858 டெராபைற்று அழிந்தன. அளவு மிகப் பெரிது என்பதால் வெளியிடத்தில் படி வைக்கவில்லையாம்! பெரிதானதற்கன்றோ காவலும் பெரிதாதல் வேண்டும்?

சிறு கடைக்காரருக்குப் பெருநிறுவனத்துப் பெட்டகம் வேண்டியதில்லை. மென்பொருள் விற்பவரிடம் சில கேள்விகள் கேட்டால் போதும். கணக்கு எந்த இடத்தில் இருக்கின்றது? அதனை மட்டும் தனியே எடுக்கலாமா? எடுத்ததை வேறொரு கணினியில் வைத்தால் மென்பொருள் அதனைத் திறக்குமா? மூன்றாவதற்கு வாயால் வரும் விடையை ஏற்றுக்கொள்ளலாகாது. கடை பூட்டிய ஒரு பிற்பகலில், உறவினர் வீட்டுக் கணினியொன்றில் அப்படியைத் திறந்து, நேற்றைய கடைசிப் பற்று அதில் உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம்.