கடனோடு வந்த தாத்தா

மலேசியச் சீனக் குடும்பங்களில் குடும்பத்தை இங்கே வேரூன்றச் செய்த முதியவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். தென்சீனாவிலிருந்து வெறுங்கையோடு கப்பலேறினார், ஈயச் சுரங்கத்தில் உழைத்தார், பிள்ளைகளை ஆளாக்கினார். முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்து வணங்கும் செங் பெங் நாளில் பேரப்பிள்ளைகள் கேட்பதும் இதைத்தான். இது பொய்யல்ல. ஆனால் பாதிக் கதை. அந்தப் பாதி அவருடைய பெருமையைக் கூட்டுவதாக எண்ணிக்கொண்டு குறைத்துவிடுகிறது. அவர் வெறுங்கையோடு வரவில்லை, பல நேரம் கடனோடு வந்தார். கப்பல் கட்டணத்தைத் தரகர் கொடுப்பார், இறங்கியதும் சுரங்க முதலாளி தரகருக்குப் பணம் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். 'சின்கே' எனப்பட்ட அந்தப் புதியவர், வழக்கமாக ஓராண்டு உழைத்து அதை அடைக்க வேண்டும். அரிசி, எண்ணெய், புகையிலை, அபின் எல்லாவற்றையும் முதலாளியே தன் விலைக்கு விற்றதால், ஆண்டு முடிந்தாலும் கணக்கு முடிவதில்லை. மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் சீனர்களின் இந்த ஒப்பந்தக் கூலிமுறை 1914இல்தான் சட்டப்படி ஒழிந்தது. தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் ஒப்பந்த முறை அதற்குச் சற்று முன்னால், 1910இல் முடிந்தது.

கோலாலம்பூரின் மிகப் பெரிய சீன மூதாதையரான யாப் ஆ லோயின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்ளலாம். குவாங்டோங்கின் ஹுய்சோவைச் சேர்ந்த ஹக்கா இளைஞர். 1854இல் மலாக்கா வந்தார்; 1868இல் கோலாலம்பூரின் மூன்றாவது கப்பித்தான் சீனா, அதாவது சீனர் தலைவர், ஆனார். சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் ஊர் எரிந்தது. 1873இல் அதை மீட்டு மறுபடியும் எழுப்பினார். 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்த பிறகு, அத்தாப்பு வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழ வேண்டியதாயிற்று. அதற்குச் சூளை போட்ட நிலப்பகுதிதான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். தமிழர் கடைகளும் கோயில்களும் நிறைந்த அந்தத் தெருக்களில் நடப்பவருக்கும் இவர் கதையில் ஒரு பங்கு உண்டு. தனி மனிதரின் வெற்றியாக இதைச் சொல்வது எளிது. ஆனால் அவருக்கு ஈயம் தோண்டியவர்கள் கடன்பட்ட சின்கேக்கள். அவர் வருமானத்தில் அபின், சூதாட்ட வரிக் குத்தகைகளுக்குப் பெரிய இடம் இருந்தது. போருக்குப் பின் அவரே கடனில் மூழ்கியிருந்தார். 1879இல் ஈய விலை ஏறியதுதான் அவரைக் கரைசேர்த்தது. இதையெல்லாம் அறிந்த பிறகு அவர் சிறியவராகத் தெரியவில்லை. விலை ஏறும் என்ற உறுதி ஏதுமில்லாமல் ஆண்டுக்கணக்கில் அவர் தாக்குப்பிடித்தது அப்போதுதான் நமக்குப் புரிகிறது.

தங்கள் பெயரில் தெரு எதுவும் இல்லாத தாத்தாக்களைத் தேட வேண்டிய இடம் ஸ்ரீ கெம்பாங்கான். 1950களின் தொடக்கத்தில் செர்டாங் புதுக்கிராமமாக உருவான, ஹக்கா மக்கள் மிகுந்த ஊர் இது. அருகே சுங்கை பீசியில் இருந்த ஹோங் பாட் சுரங்கம், உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என ஒரு காலத்தில் பேர்பெற்றது. அந்தப் பள்ளம் இன்று தி மைன்ஸ் பேரங்காடியை ஒட்டிய ஏரி. இங்கே தாத்தா என்ற ஒருவர் உருவானதற்கே ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1911இல் மலாயாவின் சீனர்களில் ஏறத்தாழ நான்கு ஆணுக்கு ஒரு பெண்தான். பெரும்பாலான ஆண்கள் குடும்பம் இல்லாமலே உழைத்தார்கள், பலர் அப்படியே இறந்தார்கள். 1930களில் பொருளாதார மந்தத்தால் சீன ஆண்களின் வருகைக்கு அரசு வரம்பு விதித்தது. பெண்களுக்குச் சில ஆண்டுகள் அந்த வரம்பு இல்லை. அவர்கள் திரளாக வந்தார்கள். 1947இல் ஐந்து ஆணுக்கு நான்கு பெண் என்ற அளவுக்கு நிலை மாறியது. வந்த பெண்களில் பலர் இடுப்பளவு நீரில் நின்று, மரத்தட்டில் மணலை அலசி ஈயம் பிரிக்கும் டூலாங் வேலை செய்தார்கள். அதற்கு அரசின் உரிமச்சீட்டு வேண்டும். வீட்டுக்கு அரிசி வாங்கியது பல நேரம் அந்தச் சீட்டுதான். தாத்தாவின் கதையில் பாட்டி சமைத்தவளாக மட்டும் வருவது எனக்கு ஒப்பவில்லை.

பிறகு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் அறிவிக்கப்பட்ட அவசரகாலம். 1948இல் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமாயிற்று. 1950இன் பிரிக்ஸ் திட்டப்படி, காட்டோரங்களிலும் சுரங்க ஓரங்களிலும் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். முள்வேலி, வாயிற்காவல், ஊரடங்கு, கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு அரிசி போய்ச் சேராமலிருக்க உடற்சோதனை. காய்கறி போட்டிருந்த நிலத்தை விட்டு வந்தவருக்கு, வேலிக்குள் ஒரு மனைத்துண்டும் தற்காலிக உரிமமும் கிடைத்தன. "தாத்தா இந்த ஊரில் வீடு கட்டினார்" என்ற ஒற்றை வரிக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

இறந்தவரின் கடனையும் அபினையும் இழுப்பது மரியாதையா என்று கேட்கலாம். ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்துவதற்காக இழுத்தால் மரியாதையல்ல. அபினை விற்று வரி வசூலித்த அரசும் முதலாளியும் பெயரோடு நிற்க, அதைப் புகைத்த கூலி மட்டும் குடும்ப அவமானமாக மறைக்கப்படுவதுதான் அநியாயம். ஆவணங்கள் காலனி அதிகாரிகளின் கண்ணால் எழுதப்பட்டவை, குடும்பக் கதையே உண்மைக்கு நெருக்கமானது என்ற வாதமும் உண்டு. அதில் பாதி எனக்கு உடன்பாடு. புதுக்கிராமத்துக் கோப்புகளில் பாதுகாப்பும் உணவுக் கட்டுப்பாடும் இருக்கும், வேலிக்குள் முதல் இரவு எப்படிக் கழிந்தது என்பது இருக்காது. ஆனால் குடும்பத்திலேயே வேறு சான்றுகள் உண்டு. சீனக் கல்லறைக் கல்லில் பூர்விக ஊர், பெயர், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் பொறிக்கப்படும். தென்சீனாவுக்குப் பணத்தோடு போன கடிதங்கள் 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றுக்கு வந்த பதில்கள் பல வீடுகளின் தகரப் பெட்டிகளில் இருக்கக்கூடும். கோயில் நன்கொடைப் பலகைகளும் குலச்சங்கப் பதிவேடுகளும் பேசும்.

சீனர் குடும்பக் கதை தமிழருக்கு எதற்கு என்பவர்களுக்கு, கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய நம் தாத்தாக்களையும் நாம் இதே போன்ற ஒற்றை வரியில்தான் அடக்கி வைத்திருக்கிறோம் என்பதே என் பதில். இரண்டு சமூகத்துக்கும் அவசரம் ஒன்றுதான். 1948இல் அடையாள அட்டைக்காக வரிசையில் நின்ற மிக இளையவர்கள் இன்று தொண்ணூறை ஒட்டியவர்கள். வேலிக்குள் சிறு குழந்தையாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் எழுபதுக்குக் குறையாது. கேட்க வேண்டிய முதல் கேள்வி, தாத்தா எப்போது வந்தார் என்பதல்ல. அவருடைய கப்பல் கட்டணத்தை யார் கட்டினார்கள், அந்தக் கடன் எப்போது அடைந்தது என்பதே. அதைப் பாட்டிகளிடமும் கேட்க வேண்டும். வீட்டுக் கணக்கு பல நேரம் அவர்கள் கையில்தான் இருந்தது.