களியும் தோசையும் ஒரே அடுப்பில்

அஸ்தம்பட்டியில் எங்கள் அம்மாயி வீட்டில் இரண்டு அடுப்புகள். சமையலறை மேடைமேல் கேஸ் அடுப்பு. பின்கட்டில் மண்ணால் போட்ட கொடியடுப்பு. காபியும் தாளிப்பும் மேடையில், கேழ்வரகுக் களியும் குளிக்க வெந்நீரும் பின்கட்டில். இரண்டையும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடக்கினால் எப்படி இருக்குமோ, அப்படியொரு அடுப்பு 1920களில் அமெரிக்க வீடுகளில் புழங்கியது. ஒரு பக்கம் விறகோ நிலக்கரியோ எரியும், மறுபக்கம் கேஸ் பர்னர். குளிர்காலத்தில் விறகைப் போட்டால் வீடும் கதகதப்பாகும். கோடையில் கேஸைத் திருகிச் சமைத்து உடனே அணைத்துவிடலாம்.

அதன் வயிற்றுக்குள் நடப்பது அம்மாயியின் சமையலை வைத்தே புரியும்.

விறகுப் பக்கம் களி கிண்டுவது மாதிரி. கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டிவிட்டுத் துடுப்பைப் போடாமல் நின்றால் கட்டி தட்டும். உடைத்தால் உள்ளே பச்சை மாவு. விறகு சூடேறியதும் அதிலிருந்து ஆவி கிளம்புகிறது. சுவாலையாக எரிவது அந்த ஆவிதான். காற்று அதை அடுப்புக்குள் வந்த பிறகுதான் சந்திக்கிறது. சரியாகக் கலக்காத இடத்தில் மாவுக்கட்டி போலக் கரித்துகள் மிஞ்சும். அது பழுத்து ஒளிர்வதால்தான் தீ மஞ்சளாகத் தெரிகிறது. எரியாமல் தப்பினால் அதுவே பானையடிக் கரி. புகையைக் கண்டதும் "வெறகு வீணாப் போவுது பாரு" என்று அம்மாயி இரண்டு கட்டையை வெளியே இழுப்பார். அவர் கணக்கு மிகச் சரி: புகை என்பது எரியாமல் போன விறகு.

கேஸ் பக்கம் தோசை மாவு. ஊற்றுவதற்கு முன்பே கரைத்தாகிவிட்டது. நுண்துளை வழியே பீறிடும் வாயு, போகிற போக்கில் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாயில் கலந்துதான் பர்னருக்கு வருகிறது. அதனால்தான் நீலச் சுவாலை. அந்தத் துளை முறுக்கு அச்சு போன்றது, மாவுக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். பழைய அடுப்புகள் பலவும் நிலக்கரியிலிருந்து வடித்த வாயுவுக்காகச் செய்யப்பட்டவை. அதே கன அளவில் நம் சிலிண்டர் வாயுவுக்குச் சுமார் 5 மடங்கு வெப்பம் உண்டு. அகலமான பழைய துளையிலேயே விட்டால் காற்று போதாமல் மஞ்சளாகப் புகையும். நச்சு வாயுவும் சேரும்.

இந்த அடுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஓவன். கொடியடுப்பில் பெரிய வாயில் எரியும் தீயின் சூடு உள்வழியாகப் போய்ப் பக்கத்துச் சின்ன வாயில் குழம்பைச் சுண்ட வைக்கும் அல்லவா? இரும்பு அடுப்பில் அந்தச் சின்ன வாயின் இடத்தில் ஓவன் இருக்கிறது. சூடான புகை அதன் தலைமேல் ஓடி, பக்கவாட்டில் இறங்கி, அடியில் சுற்றிப் புகைபோக்கியில் ஏறும். பற்றவைக்கும்போது புகைபோக்கி குளிர்ந்து கிடக்கும், இழுக்காது. ஒரு தகட்டைத் திறந்து புகையை நேரே மேலே விடுவார்கள். தீ பிடித்ததும் தகட்டை மூடினால், மடை திருப்பிய மாதிரி சூடு ஓவனைச் சுற்றும். ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1953இல் புகையில்லாச் சமையலறை பற்றி எழுதிய நூலில் விளக்கிய மண் அடுப்பிலும் உள்வழி, புகைபோக்கி எல்லாம் உண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் விறகடுப்போடு சிலிண்டரைச் சேர்த்துவிட வேண்டாம். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தீயைத் தேடிப் போகும். இரும்பு அடுப்பில் விறகறையை ஒதுக்கி, தடுப்புக்கு அப்பால்தான் கேஸ் குழாயை ஓட்டினார்கள். அம்மாயி வீட்டில் சிலிண்டர் மேடையோரம், விறகு பின்கட்டில். நடுவே முக்கால் அடிச் செங்கல் சுவர்.